பிரேசிலைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருடம் சாவோ பாவ்லோவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து கல்யாண வீடு, டீக்கடை, வாட்ஸ்அப் என்று எங்கே போனாலும் பிரேசிலைப் பற்றி ஏதாவது ஒரு கேள்வி வந்துவிடுகிறது. பெரும்பாலும் கால்பந்து, கார்னிவல், அனகோண்டா பாம்பு, இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கேட்பவர்களைக் குறை சொல்லவில்லை, போவதற்கு முன்னால் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் நான் குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டைச் சுற்றி நிற்கும் மரஞ்செடிகளில் பாதிக்கு அதுதான் தாய்வீடு என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அந்த நாட்டின் கதையை ராஜாக்களை வைத்துச் சொல்வதைவிட, மண்ணிலிருந்து எடுத்த பொருட்களை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்: சாயமரம், கரும்பு, தங்கம், காப்பி, ரப்பர், இப்போது சோயா. எந்தக் காலத்தில் எந்தப் பொருளுக்கு வெளியே நல்ல விலை இருந்ததோ அதுதான் ஜனங்கள் எங்கே குடியேறினார்கள், யார் யாரிடம் அடிமைப்பட்டார்கள், தலைநகரம் எங்கே இருந்தது என்பதையெல்லாம் தீர்மானித்திருக்கிறது.

எவ்வளவு பெரிய நாடு?

சுமார் 85 லட்சம் சதுர கிலோமீட்டர். உலகத்தில் ஐந்தாவது பெரிய நாடு, இந்தியாவைவிட இரண்டரை மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். வடக்கே இருந்து தெற்கே போனாலும், கிழக்கே இருந்து மேற்கே போனாலும் ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர். தென் அமெரிக்கக் கண்டத்தில் கிட்டத்தட்டப் பாதி இதுதான், அந்தக் கண்டத்தில் சிலி, ஈக்வடார் இரண்டைத் தவிர மற்ற எல்லா நாடுகளும் இதன் எல்லையைத் தொடுகின்றன. இவ்வளவு இடத்தில் இருப்பது 2022 கணக்கெடுப்பின்படி 20.3 கோடிப் பேர், அதாவது நம்மில் ஏழில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பாலானவர்கள் கடற்கரையை ஒட்டித்தான் இருக்கிறார்கள். விமானத்தில் உள்நாட்டுக்குப் போகும்போது ராத்திரியில் கீழே பார்த்தால் மணிக்கணக்கில் ஒரு விளக்குக்கூடத் தெரியாது.

கூட்டாட்சி என்றால் நம் நாட்டைப் போலத்தானா?

இல்லை, நிறைய வித்தியாசம் இருக்கிறது, இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 26 மாநிலங்கள், தலைநகர் பிரசிலியா இருக்கும் கூட்டாட்சி மாவட்டம் ஒன்று, ஆக மொத்தம் 27. கொடியில் நீல வட்டத்துக்குள் இருக்கும் 27 நட்சத்திரங்கள் இவைதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம் உண்டு. மாநிலத்தின் தலைவரை ஆளுநர் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அவர் டெல்லியிலிருந்து வருகிற நம் ஆளுநர் மாதிரி இல்லை, மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர். நாட்டின் தலைவரும் அப்படியே, நேரடித் தேர்தலில் வரும் அதிபர். பிரதமர் என்று யாரும் கிடையாது.

இன்னொன்று, 1988 அரசியல் சட்டம் ஊராட்சியையும் கூட்டாட்சியின் ஓர் அங்கம் என்றே சொல்கிறது. மத்திய அரசு, மாநிலம், ஊராட்சி மூன்றும் சேர்ந்துதான் குடியரசு. அப்படி 5,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். மேயரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அவரை மாநில அரசு நினைத்தபோது தூக்கிவிட முடியாது. நம் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் வருடக்கணக்கில் தள்ளிப்போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

செனட்டில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்ற பேதமே இல்லாமல் ஆளுக்கு மூன்று இடம், மொத்தம் 81. கீழவையில் 513 பேர், ஒரு மாநிலத்துக்கு 8-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. அதனால் 2022 கணக்கெடுப்பில் 4.4 கோடிப் பேர் இருந்த சாவோ பாவ்லோ மாநிலத்துக்கு 70 உறுப்பினர்கள், ஆறரை லட்சம் பேர்கூட இல்லாத ரோரைமாவுக்கு 8 பேர். தொகுதி மறுவரையறை பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகத்துக்கு வரும். அங்கேயும் இதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை.

தலைநகரம் ரியோதானே?

இல்லை. முதலில் சல்வடார் (1549 முதல்), 1763-ல் ரியோ டி ஜெனிரோ, 1960 ஏப்ரல் 21 முதல் பிரசிலியா. சல்வடார் கரும்புக் காலத்துத் தலைநகரம். உள்நாட்டில் தங்கம் கிடைத்ததும் அதைக் கப்பலேற்றும் துறைமுகத்துக்குப் பக்கமாக ரியோவுக்கு மாறியது. நடு நாட்டில், வெறும் புல்வெளியில், ஜுசெலினோ குபிசெக் அதிபராக இருந்தபோது நான்கு வருடத்துக்குள் கட்டி எழுப்பியதுதான் பிரசிலியா. நகரத்தின் வரைபடம் லூசியோ கோஸ்டா போட்டது, கட்டிடங்கள் ஆஸ்கார் நீமையர் வடிவமைத்தவை. பார்க்க அழகுதான். ஆனால் கார் இல்லாதவர்களுக்கு அது நடந்து தீராத ஊர், வெயிலில் அங்கே நடந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நாடு முழுக்க அமேசான் காடுதானா?

வடக்கும் வடமேற்கும் மட்டும்தான். மொத்த அமேசான் மழைக்காட்டில் ஏறக்குறைய 60 சதவீதம் பிரேசிலில் இருக்கிறது, மீதி பெரு, கொலம்பியா போன்ற அக்கம்பக்கத்து நாடுகளில். அதற்குத் தெற்கே செராடோ என்று ஒரு பெரிய புல்வெளிக் காடு. வடகிழக்கில் முள்ளும் கள்ளியுமாகக் காய்ந்து கிடக்கும் காட்டிங்கா, அந்த வறண்ட உள்நாட்டுக்கு செர்தாவ் என்று பெயர். மேற்கே மழைக்காலத்தில் கடல் மாதிரி தண்ணீர் நிற்கும் பந்தனால். கடலோரமாக அட்லாண்டிக் காடு இருந்தது, இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், சாயமரத்திலும் கரும்பிலும் காப்பியிலும் அதில் பெரும்பகுதி போய்விட்டது. தென்கோடியில் மாடு மேய்க்கும் பம்பா. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். குளிர்காலம் என்றால் ஜூன், ஜூலை. கிறிஸ்துமஸ் அங்கே கோடைக் கொண்டாட்டம்.

அமேசானில் நான் பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மனௌஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ரியோ நீக்ரோ என்ற கறுப்பு ஆறும் சொலிமோயின்ஸ் என்ற மண்நிற ஆறும் சேருகின்றன. சேருகின்றன என்று சொன்னாலும் சேர்வதில்லை! ஒரு பக்கம் கறுப்பு டிகாக்ஷன், இன்னொரு பக்கம் பால் காப்பி, நடுவில் கோடு போட்டது போல ஆறு கிலோமீட்டருக்கு அருகருகே ஓடுகின்றன. கறுப்பு ஆற்றில் அழுகிய இலைதழைச் சாறு, மற்றதில் ஆண்டிஸ் மலையிலிருந்து அடித்துவரும் வண்டல். வேகமும் சூடும் அடர்த்தியும் வேறு வேறாக இருப்பதால் சட்டென்று கலப்பதில்லை. படகிலிருந்து கையை விட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வெதுவெதுப்பு, அந்தப் பக்கம் ஜில்லென்று இருக்கும். படகோட்டி எல்லோரையும் அதைச் செய்யச் சொல்கிறார், நான் மூன்று தடவை செய்தேன்.

காட்டை ஏன் அழிக்கிறார்கள்?

மரத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் மாடு. காட்டை எரித்துப் புல் விதைத்து மாடு விட்டால் நிலம் தன்னுடையது என்று உரிமை கொண்டாடலாம், பின்னால் விற்கலாம். அப்புறம் சோயா. செராடோ மண் புளிப்பு மண், ஒன்றும் விளையாது என்றுதான் இருந்தார்கள். 1973-ல் தொடங்கிய எம்ப்ராபா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் சுண்ணாம்பு போட்டு மண்ணைத் திருத்தியும், வெப்பத்துக்குத் தோதான சோயா ரகங்களை உருவாக்கியும் அந்த நிலத்தை மாற்றிக் காட்டியது. இன்று உலகத்தில் அதிகம் சோயா விளைவிப்பது பிரேசில். சாதனைதான், சந்தேகமில்லை. அதன் விலை செராடோவின் பாதிக் காடு.

அமேசானில் 2004-ல் ஒரே வருடத்தில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், பழங்குடி நிலங்களுக்குப் பாதுகாப்பு என்று இறுக்கிய பிறகு 2012-ல் 4,600-க்கும் கீழே இறங்கியது. மறுபடி தளர்த்தியதும் 2021-ல் 13,000 ஆனது, அதற்குப் பிறகு திரும்பவும் இறங்கியிருக்கிறது. ஆக, இது அரசாங்கம் மனது வைத்தால் நிற்கும் அழிவு, எண்களே அதைக் காட்டுகின்றன. இதில் சாவோ பாவ்லோக்காரர்களுக்கு என்ன என்று கேட்டால், அமேசான் மரங்கள் விடும் ஈரக்காற்று ஆண்டிஸ் மலையில் முட்டித் திரும்பித் தெற்கே வந்துதான் அவர்களுக்கு மழையாகப் பெய்கிறது. அங்கே அதற்குப் பறக்கும் ஆறுகள் என்று பெயர்.

பிரேசில் என்ற பெயர் எப்படி வந்தது?

ஒரு மரத்தின் பெயர். கேரளாவில் ஹோட்டலில் உட்கார்ந்தால் இளஞ்சிவப்பாக வெந்நீர் தருவார்களே, அது பதிமுகக் கட்டை போட்டது. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன அந்தச் சிவப்புச் சாயக்கட்டையைத்தான் அவர்கள் முதலில் பிரசில் என்று அழைத்தார்கள். புதுக்கரையில் அதே குடும்பத்து மரம் ஒன்று காடாக நின்றதைப் பார்த்ததும் அந்தப் பெயரை அதற்கு வைத்து, பிறகு நாட்டுக்கே அது ஒட்டிக்கொண்டது.

அந்தக் கரையைப் பார்த்தவர் போர்ச்சுகல் கப்பல் தலைவர் பெட்ரோ அல்வாரெஸ் கப்ரால், நாள் 1500 ஏப்ரல் 22. பதின்மூன்று கப்பல்களோடு கள்ளிக்கோட்டைக்குக் கிளம்பியவர் அவர். பாஹியா கரையில் பத்து நாள் போலத் தங்கிவிட்டு, சிலுவை நட்டுவிட்டு, அந்த வருடம் செப்டம்பரில் கள்ளிக்கோட்டைக்கே வந்து சேர்ந்தார். அதற்கு ஆறு வருடம் முன்னாலேயே டோர்டெசில்லாஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் வரைபடத்தில் கோடு கிழித்து உலகத்தைப் பங்கு போட்டிருந்தார்கள், இந்தக் கரை போர்ச்சுகல் பக்கம் விழுந்தது. கண்டுபிடித்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல லட்சம் பேர் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த இடம் அது. வந்தவர்கள் கொண்டுவந்த அம்மையும் காய்ச்சலும் வாளைவிட அதிகம் பேரைக் கொன்றன.

அடிமை முறை எவ்வளவு காலம் இருந்தது?

முந்நூறு வருடத்துக்கு மேல். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக அதை ஒழித்த நாடு பிரேசில், 1888 மே 13 அன்று. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவந்து அங்கே இறக்கியவர்கள் மட்டும் 48 லட்சத்துக்குக் குறையாது, அட்லாண்டிக்கைக் கடந்து கடத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம். வழியில் செத்துக் கடலில் வீசப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. முதலில் வடகிழக்கின் கரும்புக்கு, பிறகு மினாஸ் ஜெரைஸ் தங்கச் சுரங்கத்துக்கு, கடைசியில் ரியோ, சாவோ பாவ்லோ காப்பித் தோட்டங்களுக்கு.

ரியோ துறைமுகப் பகுதியில் வலோங்கோ என்ற படித்துறை இருக்கிறது. 1811-ல் அடிமைகளை இறக்குவதற்காகவே கட்டியது. பிறகு ஓர் இளவரசி வந்திறங்குவதற்காக அதன்மேல் வேறு கல் பாவினார்கள், அதன்மேல் சாலை வந்தது, மறந்தே போனார்கள். 2011-ல் துறைமுகத்தைப் புதுப்பிக்கத் தோண்டும்போது பழைய கற்கள் வெளியே வந்தன. கற்களுக்கிடையில் மணிகளும் தாயத்துகளும் கிடைத்தன. நான் போனபோது மழை பெய்திருந்தது, ஒழுங்கில்லாத அந்தக் கற்களில் தண்ணீர் தேங்கியிருந்தது, பக்கத்தில் ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் வெகுநேரம் நின்றார். நானும் அங்கே யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தப்பி ஓடியவர்கள் காட்டுக்குள் சொந்த ஊர்கள் அமைத்தார்கள், கிலோம்போ என்று பெயர். அதில் பெரியது பல்மாரிஸ், கிட்டத்தட்ட நூறு வருடம் தாக்குப்பிடித்தது. அதன் கடைசித் தலைவர் சும்பி கொல்லப்பட்ட நவம்பர் 20 (வருடம் 1695) இப்போது தேசிய விடுமுறை.

நடுவில் ராஜா இருந்தாராமே?

ஆமாம். நெப்போலியன் படை லிஸ்பனை நெருங்கியதும் போர்ச்சுகல் அரச குடும்பமே கப்பலேறி 1808-ல் பிரேசிலுக்கு வந்துவிட்டது. ஒரு காலனியில் உட்கார்ந்து தாய்நாட்டை ஆண்ட வினோதம் அது. அரசர் 1821-ல் திரும்பிப் போனார், மகன் பெட்ரோ தங்கிவிட்டு 1822 செப்டம்பர் 7 அன்று சுதந்திரம் அறிவித்துத் தானே பேரரசர் ஆனார். பக்கத்தில் ஸ்பானிஷ் காலனிகள் பத்துப் பதினைந்து நாடுகளாக உடைந்தபோது பிரேசில் ஒரே நாடாக நின்றதற்கு இது பெரிய காரணம். அடிமைகளை வைத்திருந்த பெருந்தனக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ராஜா வசதியாக இருந்தார் என்பதும் ஒரு காரணம். அவருக்குப் பின் ஆண்ட மகன் இரண்டாம் பெட்ரோவின் மகள் இசபெல் அடிமை ஒழிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஒன்றரை வருடத்தில் ராணுவம் முடியாட்சியை முடித்துவைத்தது: 1889 நவம்பர் 15, குடியரசு.

ரப்பர் அங்கிருந்துதான் வந்ததா?

இந்தக் கேள்விக்கு நான் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

எங்கள் அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் உறைந்துவிடும். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல், கீழே சிரட்டை, சொட்டுச் சொட்டாக விழும். அமேசானில் இதைச் செய்கிறவருக்கு செரிங்கெய்ரோ என்று பெயர். அவரும் அதே இருட்டில் விளக்கோடுதான் போவார், ஆனால் மரங்கள் வரிசையில் நிற்காது. காட்டுக்குள் நூறு நூற்றைம்பது மரங்களை இணைத்து ஒற்றையடிப் பாதை போட்டு, காலையில் வெட்டிக்கொண்டே சுற்றி வந்து, மறுபடி பால் எடுக்க அதே பாதையில் போக வேண்டும்.

1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சான்டரெம் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம் மட்டும். அதில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்தன, கம்பஹா அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் வளர்த்தார்கள். மலாயா தோட்டங்களுக்கும் அந்த வம்சம்தான் மூலம்.

அதே நேரத்தில் இன்னொன்று நடந்தது. பசிபிக் கடலின் எல்நினோவால் 1876, 77, 78 ஆண்டுகளில் பல நாடுகளில் மழை பொய்த்தது. இங்கே அதுதான் தாது வருஷப் பஞ்சம், பாட்டிமார் வாயில் இன்னும் இருக்கிற பஞ்சம். அங்கே செர்தாவில் 1877-ல் தொடங்கிய பெரும் வறட்சி, சியாரா மாநிலத்தில் லட்சக்கணக்கானவர்கள் பசியிலும் அம்மையிலும் செத்தார்கள். பிழைத்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் படகேறி அமேசானுக்கு ரப்பர் வெட்டப் போனார்கள். நம்மவர்கள் இலங்கைக்கும் பிறகு மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். அமேசானுக்குப் போனவர், வெட்டுக்கத்தி முதல் மாவு வரை எல்லாவற்றையும் முதலாளியின் கடையில் கடனுக்கு வாங்கி, எவ்வளவு பால் கொடுத்தாலும் தீராத கணக்கில் மாட்டினார். இங்கிருந்து போனவர் கங்காணியின் முன்பணக் கடனில் மாட்டினார். ஒரே வானம் பொய்த்து, இரண்டு கரைகளில் இருந்த ஏழைகள் காட்டிலும் தோட்டத்திலுமாக ஒரே மரத்தின் அடியில் போய் நின்றதை முதல் தடவை கோத்துப் பார்த்தபோது எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அமேசானில் அந்தப் பணத்தில் மனௌஸ் நகரம் மின்விளக்கும் டிராமும் ஓபரா அரங்கமுமாக மின்னியது, அரங்கம் திறந்தது 1896-ல். பிறகு 1910-களில் ஆசியத் தோட்டத்து ரப்பர் சந்தையைப் பிடித்ததும் எல்லாம் சரிந்தது. அமேசானிலேயே தோட்டம் போட வேண்டியதுதானே என்றால், அங்கே இலைக்கருகல் நோய் இருக்கிறது. காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் மரம் தப்பிக்கும், வரிசையாக நட்டால் மொத்தமும் காலி. ஹென்றி ஃபோர்டு 1928-ல் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு தோட்ட ஊரையே கட்டி இந்த நோயிடம் தோற்றார். அந்த நோய் இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை, எங்கள் தோட்டங்கள் நிற்பது அதனால்தான்.

செரிங்கெய்ரோக்களின் சங்கத் தலைவர் சிக்கோ மெண்டெஸ், காடு இருந்தால்தான் எங்களுக்கும் பிழைப்பு என்று மரம் வெட்ட வந்தவர்களுக்கு முன்னால் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு நிறுத்தியவர். 1988 டிசம்பர் 22 அன்று அக்ரி மாநிலத்தில் ஷபுரி என்ற ஊரில் தன் வீட்டுப் பின்வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது மாட்டுப்பண்ணைக்காரர் குடும்பம். அவர் கேட்டபடி, மக்கள் வாழ்ந்துகொண்டே பால் எடுத்துக் காக்கும் காடுகள் பிறகு சட்டப்படி ஒதுக்கப்பட்டன. அதில் ஒன்றுக்கு அவர் பெயர்.

குடியரசான பிறகு என்ன ஆனது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1930 வரை பெரும்பாலும் காப்பி மாநிலம் சாவோ பாவ்லோவும் பால் மாநிலம் மினாஸும் அதிபர் பதவியைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டன, பால்-காப்பி அரசியல் என்றே அதற்குப் பெயர். அப்புறம் கெட்டூலியோ வர்காஸ், சர்வாதிகாரியாகவும் இருந்தார், தொழிலாளர் சட்டங்களையும் கொண்டுவந்தார், 1954-ல் பதவியில் இருக்கும்போதே தற்கொலை செய்துகொண்டார். 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று உண்மை அறியும் ஆணையம் உறுதி செய்தது 434 பேர். பிறகு 1988 அரசியல் சட்டம், அதன்படி எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் பொது சுகாதார அமைப்பு. 1993-ல் விலைவாசி ஒரே வருடத்தில் 2,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிறவர் வருவதற்குள் ஓடிப்போய்ச் சாமான் எடுத்த கதையை என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் சொல்வார். 1994 ஜூலையில் ரியால் நாணயம் வந்த பிறகுதான் அது அடங்கியது.

2023 ஜனவரி 8 அன்று, அதிபராக இருந்த போல்சொனாரோவின் தேர்தல் தோல்வியை ஏற்காத கூட்டம் பிரசிலியாவில் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் சூறையாடியது. ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்கில் முன்னாள் அதிபர் போல்சொனாரோவுக்கு 2025-ல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஓட்டுப் போடுவது அங்கே 18 முதல் 70 வயது வரை கட்டாயம்.

மக்கள் பார்க்க எப்படி இருப்பார்கள்?

எப்படி வேண்டுமானாலும். நான்கு வருடத்தில் என்னைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் என்று யாரும் முகத்தை வைத்துச் சொன்னதில்லை, வாயைத் திறந்தால்தான் தெரியும். கணக்கெடுப்பில் நிறத்தை அவரவரே சொல்ல வேண்டும். 2022-ல் 45.3 சதவீதம் பேர் கலப்பு, 43.5 வெள்ளை, 10.2 கறுப்பு என்று சொன்னார்கள். பழங்குடி மக்கள் சுமார் 17 லட்சம். அடிமை முறை முடியும் காலத்தில் காப்பித் தோட்டத்துக்கு இத்தாலியர்களைக் கொண்டுவந்தார்கள், தெற்கே அதற்கு முன்பே ஜெர்மானியர்கள் வந்திருந்தார்கள், 1908-ல் கசாத்தோ மாரு என்ற கப்பலில் ஜப்பானியர்கள், அப்புறம் சிரியா, லெபனான்காரர்கள். ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் அதிகம் வாழ்வது பிரேசிலில்தான்.

எல்லோரும் கலந்துவிட்டார்கள், பேதமே இல்லை என்று அங்கே சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் மேலே போகப்போக முகங்கள் வெளுத்துக்கொண்டே போகும், துடைப்பவர்களும் காவலாளிகளும் கறுப்பு. அதனால்தான் 2012-ல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒதுக்கி, அதற்குள் கறுப்பர், கலப்பினத்தவர், பழங்குடியினருக்குப் பங்கு வைத்துச் சட்டம் போட்டார்கள். தகுதி, திறமை என்று நாம் கேட்டுப் பழகிய அதே எதிர்வாதங்கள் அங்கேயும் வந்தன.

என்ன மொழி? ஸ்பானிஷா?

போர்ச்சுக்கீசியம். ஸ்பானிஷ் பேசினால் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் மனதுக்குள் வருத்தப்படுவார்கள். நமக்கு இந்த மொழி அவ்வளவு அந்நியம் இல்லை. வாடகை வீட்டைக் காட்ட வந்த பெண் சுட்டிச் சுட்டிச் சொல்லிக்கொண்டே போனார்: ஜனேலா, மேசா, அர்மாரியோ, கடைசியில் கையில் ஷாவி கொடுத்தார். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி! நம் ஊருக்கு வந்த போர்ச்சுக்கீசியர்கள் விட்டுப்போன சொற்கள்.

பிரேசிலில் போர்ச்சுக்கீசியம் முழுதாகப் பரவுவதற்கு முன்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அங்கே பல இடங்களில் சாதாரண மக்கள் பேசியது துப்பி என்ற பழங்குடி மொழியிலிருந்து வந்த பொதுமொழி. அரசு அதைத் தடை செய்தது. ஆனாலும் இபனேமா, இகுவாசு என்று ஊர்ப்பெயர்களில் அது நிற்கிறது, இகுவாசு என்றால் பெருநீர். நம் அன்னாசியும் மூலத்தில் துப்பி குடும்பத்துச் சொல்தான். வேடிக்கை என்னவென்றால் பிரேசிலில் அன்னாசி என்றால் பலருக்குப் புரியாது, அவர்கள் சொல்வது அபகஷி.

சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?

நன்றாகவே. தினமும் மதியம் சோறும் பீன்ஸ் குழம்பும்தான், பணக்காரர் ஏழை எல்லோருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதைப் போட்டு, தராசில் வைத்து, எடைக்குப் பணம் கொடுக்கும் கிலோக்கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. காரம் கிடையாது, ஊறுகாய் கொண்டுபோங்கள். குழம்பின் மேலே வறுத்த மாவு ஒன்றைத் தூவுவார்கள், ஃபரோஃபா. அது மரவள்ளி மாவு. மரவள்ளியும் முந்திரியும் அந்த மண்ணின் பயிர்கள், போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்தவை. எங்கள் ஊரில் பாதிப்பேர் வேலை பார்த்த அண்டி ஆபீஸ் என்ற முந்திரி ஆலையும், தினமும் வேக வைத்த மரச்சீனி என்ற மரவள்ளியும் அங்கிருந்து வந்த வரவு என்று அம்மாவிடம் சொன்னபோது நம்ப மறுத்தார். கைம்மாறாக நாம் அனுப்பியது மாடு: பிரேசில் மாடுகளில் பெரும்பாலானவை நெலோரி இனம், ஆந்திராவின் நெல்லூரிலிருந்து வந்த பெயர், ஓங்கோல் மாட்டின் வம்சம்.

போனால் எங்கே போக வேண்டும்?

ரியோ, இகுவாசு அருவி எல்லாம் எல்லோரும் சொல்வார்கள், போங்கள். கிளம்பும் முன் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஜூனில் போனால் வடகிழக்குக்குப் போங்கள், புனித யோவான் திருவிழாவுக்கு ஊர் ஊராகத் தெருவில் சொக்கப்பனை மாதிரி தீ வளர்த்து, சோளம் சுட்டு, ஆடுவார்கள்.

எனக்குப் பிடித்தது பெலெம். அமேசான் முகத்துவாரத்து ஊர், ஆற்றோரமாக வெர்-ஓ-பேசோ என்ற பழைய சந்தை. விடியற்காலையில் படகுகளிலிருந்து கூடை கூடையாக அசாயிப் பழம் இறங்கும். உள்ளே மரவள்ளி மாவு மூட்டைகள், வெள்ளை, மஞ்சள், பொடி, குருணை என்று இருபது வகை. பக்கத்திலேயே பாட்டிலில் மஞ்சளாக துகுப்பி, கசப்பு மரவள்ளியின் சாறு, மணிக்கணக்கில் கொதிக்க வைத்து விஷம் போக்கியது. விற்றவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாள். எங்கள் ஊரிலும் இந்தக் கிழங்கு உண்டு, முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுவோம் என்று என் அரைகுறை மொழியில் சொன்னேன். கொட்டிவிடுவீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒரு சின்ன பாட்டிலை எடுத்துத் துடைத்து என் பையில் வைத்துவிட்டு, காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.